கெட்டிமேளக் கிருபா பிரேசிலுக்குப் போன விதம்

மெல்பேர்ணின் பொயிண்ட் குக்கில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் மணி அடித்தால் இந்த வீட்டுக்காரர் எழுந்துபோய்த் தன்னுடையதைத் திறந்து பார்ப்பார். அப்படிப்பட்ட இடத்தில் கிருபானந்தன் குடிவந்த முதல் சனிக்கிழமை காலை, தவிலை உறையிலிருந்து எடுத்து அரை மணித்தியாலம் வாசித்தார். அது முடியும்போது மூன்று வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஒருவர் கையில் கேக் இருந்தது, மற்ற இருவர் கையில் ஒன்றும் இல்லை. மூவரும் சொன்னது ஒன்றுதான். கேக்குக்காரர் மட்டும் கொஞ்சம் இனிப்பாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு கிருபா தன் சாதகத்தை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டார். லாவர்ட்டன் பக்கம் தரைஓடு விற்கும் ஒரு களஞ்சியம் இருக்கிறது. ஞாயிறு அதற்கு விடுமுறை. அதன் பின்புறக் கார் தரிப்பிடத்தில் வானை நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து வாசிப்பார். கேட்பதற்குக் கடற்பறவைகள் மட்டும் இருந்தன. அவை வாசலுக்கு வந்து முறையிடவில்லை.

கிருபாவுக்கு நாற்பத்தாறு வயது. பருத்தித்துறைக்காரர், 2012இல் படகில் வந்தவர். வாரநாட்களில் டெரிமட்டில் ஒரு பழக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சனி, ஞாயிறு என்றால் கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா. நாதஸ்வரம் சச்சிதானந்தன் எங்கே போகிறாரோ அங்கே தவிலோடு கிருபாவும் போவார். மெல்பேர்ண் தமிழர்கள் அவரைக் கெட்டிமேளக் கிருபா என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டம் சும்மா வந்ததல்ல.

தாலி கட்டும் நேரத்தில் ஐயர் சுட்டுவிரலைத் தூக்கி ஆட்டுவார். அந்த விநாடியில் மேளக்காரர் எதை வாசித்துக்கொண்டிருந்தாலும் அந்த இடத்திலேயே வெட்டிவிட்டு, இரண்டு கையாலும் பலத்தையெல்லாம் சேர்த்து அடிக்க வேண்டும். வேண்டாத சத்தம் ஒன்றும் அப்போது எவர் காதிலும் விழக்கூடாது. அரை விநாடி பிந்தினாலும் பெண்வீட்டு மாமிமார் பத்து வருடத்துக்கு மறக்க மாட்டார்கள். யோசித்து அடித்தால் பிந்திவிடும். ஆகவே கிருபா யோசிப்பதில்லை. கண் பார்க்கும், கை அடிக்கும். நடுவில் மூளைக்கு வேலை கிடையாது.

இதனால் சில சின்னத் தொல்லைகளும் இருந்தன. மகள் துவாரகாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது, முன்வரிசையில் ஒரு தாய் கேள்வி கேட்க விரலைத் தூக்கினார். கிருபாவின் பத்து விரலும் மேசையில் விழுந்தன. தலைமையாசிரியை பேச்சை நிறுத்தி, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டார். துவாரகா அன்று முழுவதும் அப்பாவோடு பேசவில்லை.

ஒரு ஞாயிறு கார் தரிப்பிடத்துக்குள் இரண்டு வான்கள் வந்து நின்றன. இறங்கியவர்கள் ஆளுக்கொரு மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசை கட்டினார்கள். கடைசியாக இறங்கினாள் கழுத்தில் விசில் தொங்கிய ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், குள்ளம், ஆனால் நடையைப் பார்த்தால் பஸ்ஸையே கையால் நிறுத்துவாள் போலிருந்தது. உண்மையில் அவள் பஸ் ஓட்டுபவள். பெயர் ஜுசாரா, சொந்த ஊர் பிரேசிலின் சல்வடோர்.

அவள் நேரே கிருபாவிடம் வந்தாள். அங்கே எல்லாருடைய பேச்சும் ஆங்கிலம்தான், ஆளுக்கொரு விதமாக உடைந்த ஆங்கிலம்.

"உங்களையும் துரத்திவிட்டார்களா?"

"ஓம். மூண்டு வீடு."

"எங்களை ஒரு முழுத் தெருவே துரத்தியது," என்றாள் ஜுசாரா பெருமையாக.

அவள் பின்னாலிருந்து செனகல் நாட்டு இப்ரா எட்டிப்பார்த்தான். அவனுடைய மேளத்தையும் ஒரு கையில் குச்சியும் மறு கை வெறுமையாகவும் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். தவிலின் இடப்பக்கம் குச்சியையும் வலப்பக்கம் விரல்களையும் பார்த்தவன் கத்தினான்.

"ஒரு கை குச்சி, ஒரு கை விரல்! நீ எங்கள் ஆள்! செனகலில் எந்தப் பக்கம்?"

"பருத்தித்துறைப் பக்கம்," என்றார் கிருபா.

இப்ரா அப்படியொரு ஊர் தன் நாட்டில் எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கிருபாவின் வலக்கை விரல்களில் மாட்டியிருந்த வெள்ளைக் கூடுகளைப் பார்த்து, "விபத்தா?" என்று கவலையோடு கேட்டான். கூடு மாட்டினால்தான் தவில் பேசும் என்று கிருபா ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். கடற்பறவைகள் பறந்தன. ஜுசாரா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "வரிசைக்கு வா," என்றாள்.

அப்படித்தான் கிருபா பிரேசிலின் சம்பா ஆட்டத்து மேளக்காரர் ஆனார். ஜுசாராவை விட்டால் ஒன்பது பேர் குழு. தாளம் பிடிபட இரண்டு ஞாயிறு ஆனது. மூன்றாவது ஞாயிறு எல்லாம் அழகாக ஓடிக்கொண்டிருந்தபோது ஜுசாரா வரிசைக்கு முன்னால் நின்று சுட்டுவிரலைத் தூக்கினாள்.

எட்டு மேளமும் சட்டென்று நின்றன. கிருபா கெட்டிமேளம் அடித்தார்.

அடித்து முடித்து நிமிர்ந்தபோது எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விரலைத் தூக்கினால் நிறுத்த வேண்டும்," என்றாள் ஜுசாரா. "நாலு எண்ணிக்கை மௌனம். ஆடுகிறவர்கள் தூக்கிய காலோடு நிற்பார்கள். பார்க்கிறவர்கள் மூச்சுவிட மாட்டார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாக விழுவோம். எங்கள் ஊரில் மேளத்தைவிட அந்த மௌனத்துக்குத்தான் கைதட்டுவார்கள்."

"எங்கட ஊரிலை விரலைத் தூக்கினா அடிக்கோணும்," என்றார் கிருபா. தாலியையும் ஐயரையும் மாமிமாரையும் பற்றித் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

ஜுசாரா கவனமாகக் கேட்டாள். "அப்படியானால் இப்போது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

"ஓம்."

"சரி. மறுபடியும்."

மறுபடியும் விரல் போனது. மறுபடியும் கல்யாணம் நடந்தது. அன்று மாலைக்குள் ஜுசாராவுக்கு ஆறு கல்யாணம் ஆகியிருந்தது. "மாப்பிள்ளையை மட்டும் காணவில்லை," என்று அவள் விசிலைப் பைக்குள் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து சல்வடோரிலிருந்து அழைப்பு வந்தது. பல நாட்டு மேளக்காரர்கள் பத்து நாள் ஒன்றாகத் தங்கிப் பழகி, கடைசி இரண்டு நாளும் தெருவில் வாசிக்கும் ஒரு விழா. செனகலிலிருந்து ஒரு குழு, ஜப்பானிலிருந்து ஒரு குழு, ஆர்ஜென்டினாவிலிருந்து ஒரு குழு, மெல்பேர்ணிலிருந்து ஜுசாராவின் குழு. ஆனால் ஒன்பது பேரில் ஏழு பேருக்குத்தான் இடம்.

ஜுசாரா கிருபாவைத் தனியே கூப்பிட்டாள். "தவிலைக் கொண்டுபோக எனக்கு ஆசை. ஆனால் அங்கே நாற்பது பேர் வாசிப்போம். முப்பத்தொன்பது பேர் மௌனமாக நிற்கும்போது நீ எனக்குக் கல்யாணம் செய்துவைத்தால் நான் என் ஊரில் தலைகாட்ட முடியாது. ஆறு ஞாயிறு தருகிறேன். ஆறாவது ஞாயிறும் நிறுத்த முடியாவிட்டால் உன் இடம் வேறு ஒருவருக்கு."

"வேறை ஏதும் சைகை வைக்கேலாதோ? கையை மூடிக் காட்டினா?"

"மூடிய கை என்றால் முடிவு. இரண்டு விரல் என்றால் வேறு தாளம். ஊர் முழுக்க இதுதான் சைகை. உன் ஒருவனுக்காக ஒரு நகரத்தின் விரலை மாற்ற முடியாது."

கிருபாவுக்கு அந்த இடம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் மனைவி தர்ஷனாவுக்குத் தெரிந்திருந்தது. பதின்மூன்று வருடமாக அவர் இந்த நாட்டை விட்டு வெளியே போனதில்லை. தற்காலிக விசாவில் போனால் திரும்ப வரலாமோ என்ற பயம். நிரந்தர விசா கிடைத்ததும் முதல் வேலையாகப் பயண ஆவணம் எடுத்தார். அது சாமி அறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு பக்கமும் முத்திரை குத்தப்படாமல் இருந்தது. விழாக்காரர் அனுப்பிய பெயர்ப் பட்டியலில் ஒரு வரி: 'கிருபானந்தன், தவில் கலைஞர், மெல்பேர்ண்.' அரசாங்கத்துக்கும் அவருக்கும் இடையே போய்வந்த கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றன. அவற்றில் அவர் விண்ணப்பதாரர், படகில் வந்தவர், தொழிலாளி. அந்தப் பெட்டியில் தவில் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

"போறதெண்டா சிங்கப்பூர் மாதிரிக் கிட்டடியிலை ஒரு இடத்துக்குப் போங்கோவன். பிரேசில் என்னத்துக்கு?" என்றாள் தர்ஷனா.

"அவையள்தானே கூப்பிட்டவை."

"சரி. அப்ப விரலைப் பாத்தா அடிக்காமல் இருக்கப் பழகுங்கோ. பிள்ளை, இஞ்ச வா. அப்பாவுக்குப் பயிற்சி குடு."

பத்து வயதுத் துவாரகாவுக்கு வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வேலை கிடைத்ததில்லை. சாப்பிடும்போது, பல் விளக்கும்போது, கார் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, நினைத்த நேரமெல்லாம் விரலைத் தூக்கினாள். கிருபாவின் கை பீங்கானிலும் தொட்டியிலும் ஸ்டியரிங்கிலும் விழுந்தது.

"அப்பா, யூ லூஸ். எகெய்ன்!" ஃபிரிட்ஜ் கதவில் புள்ளி எழுதிக்கொண்டே வந்தாள். அப்பாவின் பக்கம் ஒரு முட்டையும் மற்றப் பக்கம் அறுபத்திமூன்றும் இருந்தன.

ஒருநாள் தர்ஷனா குசினியிலிருந்து, உப்பு ஒரு கரண்டி போதுமா என்று விரலைத் தூக்கிக் கேட்டாள். கிருபா முன்னாலிருந்த தட்டில் முழங்கினார்.

"என்னப்பா, கொத்துரொட்டி போடுறியளோ?" என்றாள் அவள்.

ஞாயிறு பயிற்சியில் கண்ணை மூடி வாசித்துப் பார்த்தார். விரல் தெரியவில்லை. தாளம் மாறுவதும் தெரியவில்லை, ஒரு மரத்தின் பக்கம் நகர்ந்துபோய்விட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். விரல் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இப்ரா பக்கத்தில் நின்று, விரல் போகும் நேரத்தில் அவர் காலை மிதித்துப் பார்த்தான். கிருபா ஒரு கத்தல் கத்திவிட்டுக் கெட்டிமேளத்தை அடித்தார்.

நாலாவது வாரத்தில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. விரலைக் கண்டால் கை ஒரு கணம் தயங்கத் தொடங்கியது. பிறகுதான் அடித்தது. துவாரகா அதற்கு அரைப் புள்ளி கொடுத்தாள். கிருபா மகிழ்ந்தார். ஆனால் அந்த மகிழ்ச்சி மல்கிரேவில் ஒரு கல்யாணம் வரைக்கும்தான்.

மண்டபம் நிறைந்த கூட்டம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் விரலைத் தூக்கினார். கிருபாவின் கை தயங்கியது. அரை விநாடிக்கும் குறைவு. ஆனால் அந்த இடைவெளியில் பின்வரிசைச் சின்னப்பிள்ளை ஒன்று, "அம்மா, ஐ நீட் டு பீ!" என்று சொன்னது மண்டபம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் கெட்டிமேளம் முழங்கியது.

சாப்பாட்டு நேரத்தில் சச்சிதானந்தன் அவரைக் கார் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"டேய், எங்கை போனனி? ஐயர் விரலை நட்டு வைச்சுக்கொண்டு நிக்கிறார், நீ பிரேசிலிலை நிக்கிறாய்!"

"சச்சியண்ணை, ஒரு சின்னப் பிழை..."

"சின்னப் பிழையோ? பொம்பிளையின்ரை பெரியம்மா என்னட்டை வந்து, தம்பி, நாதஸ்வரம் நல்லாயிருந்தது எண்டுறா. நாதஸ்வரம் மட்டும்! விளங்குதே? அங்கை நிப்பாட்டவும் தெரியாது, இஞ்சை அடிக்கவும் தெரியாது எண்டு ரெண்டும் கெட்டு நிக்கப்போறாய்."

கிருபா அன்று வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவைத் துடைத்தார். பயிற்சி போதும் என்று துவாரகாவிடம் சொன்னார். அவள் முகம் வாடியது. "பட் யூ வேர் கெட்டிங் பெட்டர்," என்றாள். அதுதான் பிரச்சினை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? முப்பது வருடம் கண்ணுக்கும் கைக்கும் இடையே போட்ட பாதையை வெட்டினால் இந்தப் பக்கமும் போக முடியாது. பாதையைத் தொடக்கூடாது. கண் பார்க்கட்டும், கை எழும்பட்டும். ஆனால் எழும்பிய கை தவிலுக்கு வராமல் வேறெங்காவது போக வேண்டும். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

ஆறாவது ஞாயிறு மழை தூறியது. களஞ்சியத்தின் கூரை விளிம்புக்குக் கீழே ஒன்பது பேரும் இரண்டு வரிசையாக நெருங்கி நின்றார்கள். கிருபா முன்வரிசை ஓரம். அவருக்குப் பின்னால் இப்ராவும் மற்ற மூவரும். யாரும் பகிடி விடவில்லை. எல்லாருக்கும் அன்று என்ன நாள் என்று தெரியும்.

தாளம் ஏறியது. ஜுசாரா கிருபாவைப் பார்க்காமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, விரலைத் தூக்கினாள்.

கிருபாவின் கை கிளம்பிவிட்டது. அதை நிறுத்த முடியாது என்று அவருக்குத் தெரியும். இடக்கைக் குச்சியைத் தவிலின் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலக்கையைத் தன் பலமெல்லாம் சேர்த்து மேலே எறிந்தார். அது தலைக்கு மேலே போய், வெள்ளைக் கூடு மாட்டிய சுட்டுவிரல் நீட்டியபடி, காற்றில் நின்றது.

எல்லா மேளமும் நின்றன. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஜுசாராவின் விரல் இறங்கியது, கிருபாவின் கை இறங்கியது, ஒன்பது மேளமும் ஒரே மேளமாக விழுந்தன.

ஜுசாரா விசில் ஊதி நிறுத்தினாள்.

"அந்தக் கையை யார் தூக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதை வைக்க வேறை இடம் கிடைக்கேல்லை."

அவள் பின்வரிசையைப் பார்த்தாள். "நீங்கள் நாலு பேரும் ஒவ்வொரு நாளும் அரை எண்ணிக்கை பிந்தி நிற்பீர்கள். இன்றைக்கு எப்படிச் சரியாக நின்றீர்கள்?"

"உன் விரல் எங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்றான் இப்ரா. "நீ குள்ளம். முன்னால் நிற்பவர்கள் உயரம். மற்றவர்கள் நின்ற பிறகு நாங்களும் நிற்போம். இன்றைக்குத்தான் ஒரு விரலைக் கண்ணால் பார்த்தோம். வெள்ளையாக, உயரமாக, வீதி விளக்கு மாதிரி."

ஜுசாரா தன் விரலையும் கிருபாவின் விரலையும் அளந்து பார்த்தாள். பெரிய குழுக்களில் தலைவரின் சைகையைப் பார்த்துப் பின்னால் உள்ளவர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்ட ஓர் ஆள் இருப்பார் என்று சொன்னாள். மெல்பேர்ணில் ஒன்பது பேருக்கு அப்படி ஒருவர் எதற்கு என்று நினைத்திருந்தாளாம். ஆனால் சல்வடோரில் நாற்பது பேர் மூன்று வரிசையில் நிற்பார்கள்.

"அந்த வேலை உனக்கு. நான் தூக்கினால் நீ தூக்கு. நான் இறக்கினால் இறக்கு. பாஸ்போர்ட் இருக்கிறதா?"

"பாஸ்போர்ட் இல்லை. அது மாதிரி ஒண்டு இருக்கு."

"அதைக் கொண்டு வா."

இன்னொரு சோதனையும் இருந்தது. அடுத்த சனிக்கிழமை கல்யாணத்தில் ஐயர் விரலைத் தூக்கினார். கிருபாவின் கை பழைய பாதையிலேயே வந்து தவிலில் விழுந்தது. தயக்கம் இல்லை. சச்சிதானந்தன் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினார். ஐயரின் விரலைக் கண்டால் கை கீழே வந்து அடிக்கிறது, ஜுசாராவின் விரலைக் கண்டால் மேலே போகிறது. இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்று கிருபா யோசிக்கவில்லை. யோசித்தால் பிந்திவிடும்.

சிலி வழியாக ஒன்றரை நாள் பயணம். சல்வடோர் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் அந்தப் புதுப் பயண ஆவணத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு தவில் உறையைப் பார்த்து, "இது என்ன?" என்றார். கிருபா இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். அதிகாரி தன் மேசையில் பதில் தட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

முதல் எட்டு நாளும் ஒரு பழைய பள்ளிக்கூட முற்றத்தில் பழகினார்கள். ஜப்பான் பெண்கள் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தலைகுனிந்தார்கள். ஆர்ஜென்டினாக்காரர்கள் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் சண்டை பிடித்தார்கள். செனகல் குழு கிருபாவைப் பார்த்து, இப்ரா சொன்ன பருத்தித்துறைக்காரர் இவர்தானா என்று கேட்டது. விரல் கூட்டை எல்லாரும் ஒருமுறை மாட்டிப் பார்த்தார்கள். கிருபாவை நடுவில், எல்லார் கண்ணிலும் படும் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள்.

விழா நாள் பிற்பகல், சரிந்து இறங்கும் கல் பதித்த தெரு முழுக்கச் சனம். மாடி ஜன்னல்களிலும் தலைகள். நாற்பது மேளம் ஒன்றாக முழங்கியபோது கிருபாவின் காற்சட்டை நடுங்கியது. ஜுசாரா தன் ஊர்ச் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் கழுத்து வியர்வையில் பளபளத்தது. விரல் மேலே போனது.

கிருபாவின் கை பறந்தது.

தெரு நின்றது. ஆடியவர்கள் தூக்கிய காலோடு நின்றார்கள். எங்கோ மேல்மாடியில் ஒரு சட்டியில் கரண்டி படும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. கிருபா கீழே பார்த்தார். மற்ற முப்பத்தொன்பது பேரும் ஓங்கிய கையோடு அவருடைய ஒற்றை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருடம் மற்றவர்களுடைய விரலைப் பார்த்தே வாழ்ந்த மனிதர் அவர். மூன்று. நாலு. ஜுசாராவின் விரல் இறங்கியது.

கிருபாவின் விரல் இறங்கவில்லை.

ஒருவரும் அடிக்கவில்லை. ஜுசாராவின் கண்கள் விரிந்தன. ஐந்து.

பிறகு அவர் கையை இறக்கினார். அந்தத் தெருவில் நாற்பது மேளமும் ஒன்றாக விழுந்த சத்தத்தில் புறாக்கள் எல்லாக் கூரையிலிருந்தும் கிளம்பின. சனம் கத்திய கத்தலில் அடுத்த நாலு அடி ஒருவருக்கும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஜுசாரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நாலு சொன்னேன்! நாலு! நீ ஐந்து வைத்தாய்!"

"சொறி," என்றார் கிருபா. "எங்கட ஐயர்மாரும் தூக்கின விரலைக் கெதியிலை இறக்க மாட்டினம். ஏனெண்டு இண்டைக்குத்தான் விளங்கினது."

"நாளைக்கு ஆறு வைப்போமா?" என்றான் இப்ரா.

"நாளைக்கு நாலு!" என்றாள் ஜுசாரா. தெருக்கோடியில் சனம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "சரி, ஐந்து. ஆனால் அதற்கு மேலே ஒரு எண்ணிக்கை போனாலும்..."

எச்சரிக்க அவள் சுட்டுவிரலைத் தூக்கினாள். கிருபா இரண்டு கையையும் சட்டென்று காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.